திண்ணையில் டியூஷன், கூடத்தில் குடும்பம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகை விழாவில் 1996-ஆம் ஆண்டுக் கணிதப் பிரிவு முன்னாள் மாணவி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் பெரிய பதவியில் இருப்பவர்கள். ஒருவர் வங்கி மேலாளர். ஒருவர் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்திருக்கிறார். நான் பூரணாங்குப்பத்திலிருந்து தவளக்குப்பம் வந்து, அங்கே பஸ் பிடித்து வந்திருக்கிறேன். சங்கத்தில் உறுப்பினர் படிவம் கொடுத்தபோது "தொழில்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். "இல்லத்தரசி" என்று எழுதினால் பாதி பொய். "ஆசிரியை" என்று எழுதினால், எந்தப் பள்ளி என்று அடுத்த கட்டத்தில் கேட்கிறார்கள். கடைசியில் "வீட்டில் டியூஷன்" என்று எழுதினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் செயலாளர், "அதைப் பற்றியே பேசுங்களேன்" என்று போன் செய்தார்.

பேச ஒத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. நான் ஊரார் பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டில் பாடம் சொல்லவில்லை. என் மகனைப் பத்தாவது வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, ஆறரை வருஷம் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தேன். படிக்க வைத்தேன் என்று சொல்வதைவிட, இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம் என்றே சொல்ல வேண்டும். அதில் நான் செய்த தப்புகளும் இருக்கின்றன. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் படிப்பு என்றால் ஏதோ வெளிநாட்டுப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊருக்கு அது புதிது இல்லை. பாவேந்தர் பாரதிதாசன் முதலில் எழுத்து கற்றது திருப்புளிசாமி ஐயரின் திண்ணைப் பள்ளியில்தான். சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல், எத்தனை பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். சென்னை நகரத்தில் பள்ளியில் படிப்பவர்களைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு பேர் வீட்டில் படிக்கிறார்கள் என்று கணக்கு வந்தது. இது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே என்று மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனாலும் வீட்டில் படிப்பவர்கள் மிக அதிகம் என்பதை அவர் மறுக்கவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற பாகூருக்குப் போனீர்களானால் இன்னும் பழைய கதை கிடைக்கும். 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கே இருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததாகச் சொல்கிறது. வித்தியாஸ்தானம் என்றால் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தருகிறவர் அடுத்த வேளைச் சோற்றுக்குக் கவலைப்பட்டால் பாடம் நடக்காது என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு யாரும் மூன்று ஊரை எழுதிவைக்கவில்லை. ஆகவே நான் டியூஷன் எடுத்தேன்!

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பட்டம் வாங்கிய பிறகு 1998-இல் கல்யாணம். எங்க வீட்டுக்காரருக்குத் தவளக்குப்பத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை. பெண் ஒன்று, ஆண் ஒன்று. நான் 2000-இலிருந்து ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை தானே புயல் அடித்தது. எங்கள் பக்கத்தில் தென்னை, சவுக்கு எல்லாம் படுத்துவிட்டது. கடையின் கூரை போய், கட்டிவைத்த மோட்டார்களெல்லாம் நனைந்து, கடன் வாங்கித்தான் மறுபடியும் கடையைத் திறந்தோம். ஆக, என் சம்பளம் 6,500 ரூபாய் அப்போது வீட்டுக்கு மிகவும் தேவையான பணம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வசதி இருந்ததால் வீட்டில் படிக்க வைத்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மகன் அதே பள்ளியில்தான் நாலாம் வகுப்பு. வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்வான். புத்தகத்தைக் கொடுத்தால் ஒரு வரியைப் படிக்க ஐந்து நிமிஷம். எழுத்துகள் இடம் மாறும். திங்கட்கிழமை காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்" என்று முதுகில் ஒன்று வைத்து, என் கூடவே இழுத்துக்கொண்டு போனேன். நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சருக்குத் தன் பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று தெரியவில்லை.

அந்த வருஷம் முடியும்போது, "அடுத்த வருஷம் வேற ஸ்கூல் பாத்துக்குங்க மிஸ்" என்று சொல்லி டி.சி. எழுதிக் கொடுத்தார்கள். டாக்டரிடம் காட்டினோம். டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் உள்ள சிரமம், அறிவுக் குறைவு இல்லை என்றார். அன்று இரவு அத்தை, வீட்டுக்காரர், நான் மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து பேசினோம். அத்தை கைநாட்டு. அவர்தான் முதலில் சொன்னார்: "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீதான சொல்லித் தர்ற? உன் புள்ளைக்குச் சொல்ல மாட்டியா?" 2013 ஏப்ரலில் நானும் வேலையை விட்டேன். அம்மாவும் மகனும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தோம்.

முதல் ஆறு மாதம் நான் செய்தது பெரிய கூத்து. கூடத்தில் கரும்பலகை மாட்டினேன். காலை ஒன்பதுக்கு மணி அடித்தேன். நாற்பது நிமிஷம் தமிழ், நாற்பது நிமிஷம் கணக்கு என்று கால அட்டவணை. எந்தப் பள்ளிக்கூடம் அவனுக்கு ஆகவில்லையோ அதையே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன். பிள்ளை மறுபடியும் வாந்தி எடுத்தான். அப்போதுதான் வீட்டுக்காரர், "ஒரு வாரம் கடைக்கு அனுப்பு, சும்மா உக்காந்திருக்கட்டும்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

கடையில் அவன் என்ன கற்றான் என்பதைக் கணக்குப் பிரிவு மாணவர்கள் கவனித்துக் கேளுங்கள். மோட்டாரின் ஸ்டேட்டரில் 36 ஸ்லாட் இருக்கும். நாலு போல் மோட்டார் என்றால் ஒரு போலுக்கு ஒன்பது ஸ்லாட். மூன்று பேஸ் கரண்ட் என்றால் ஒரு பேஸுக்கு மூன்று. வகுத்தல் வாய்ப்பாடு வராத பையன் ஒரே வாரத்தில் இதை விரலால் எண்ணிச் சொல்கிறான். காயில் கம்பியில் கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெல்லிசாகும். 18 கேஜ் தடித்தது, 24 கேஜ் மெல்லிசு. "எண் பெருசானா பொருள் சின்னதாவுது, பின்னம் மாதிரிதானம்மா?" என்று அவனே கேட்டான். நான் இதே வளாகத்தில் மூன்று வருஷம் கணக்குப் படித்தவள். பின்னத்தை அத்தனை சுலபமாக யாருக்கும் நான் சொல்லித்தந்ததில்லை. கரும்பலகையைக் கழற்றித் திண்ணைக்குக் கொண்டுபோனேன். அது டியூஷன் பிள்ளைகளுக்கு ஆயிற்று.

டியூஷனைப் பற்றிச் சொல்கிறேன். எட்டுப் பிள்ளைகளோடு ஆரம்பித்தேன். தலைக்கு மாதம் 150 ரூபாய். ஆக 1,200. சம்பளமாக வந்த 6,500 எங்கே, இது எங்கே? பிள்ளைகள் எங்கள் ஊரிலிருந்தும் நல்லவாட்டிலிருந்தும் வந்தார்கள். மீன்பாடு இல்லாத மாதம் ஃபீஸ் வராது. பாடு நன்றாக இருந்தால் ஃபீஸோடு வஞ்சிரமும் வரும். வேர்க்கடலை, தேங்காய் எல்லாம் வந்திருக்கிறது. திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு நெல்லும் காயும் கொடுத்த வழக்கம் எங்கள் பக்கம் முழுக்கப் போய்விடவில்லை.

இரண்டு வருஷத்தில் 22 பிள்ளைகள் ஆனார்கள். ஃபீஸும் 300 ஆனது. கணக்குப்படி 6,600. பழைய சம்பளத்தைத் தாண்டிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் பிள்ளைகளைச் சேர்த்தேன். மாலை நாலரைக்கு ஒரு கூட்டம், ஆறரைக்கு ஒரு கூட்டம், பத்தாம் வகுப்புக்கு விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு கூட்டம். மகனுக்கு ஒதுக்கிய காலை நேரத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். ஃபீஸ் பேச வந்தவர்களோடு பேசினேன். "இரு தம்பி, இதோ வரேன்" என்பதே என் பாடமாகிவிட்டது.

ஒரு நாள் சாயந்திரம் டியூஷன் பிள்ளைகள் வரிசையாக ஃபீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என் மகன் வந்து நின்றான். கையில் ஒரு பத்து ரூபாய் நோட்டு, அவங்க ஆயா திருவிழாவுக்குக் கொடுத்தது. "நானும் ஃபீஸ் குடுத்தா எனக்கும் சொல்லித் தருவியாம்மா?" என்றான். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் நிஜமாகவே கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வேலையை விட்டதே இவனுக்காக. இப்போது இவனைவிட்டு மற்ற எல்லோருக்கும் நான் டீச்சர்.

அந்த இரவுதான் வீட்டில் சட்டம் போட்டோம். அதை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். வீட்டிலிருந்து சம்பாதிக்க நினைக்கிறவர்களுக்குப் பயன்படும்.

முதலாவது, இடம். டியூஷன் திண்ணையோடு சரி. கூடத்துக்குள் டியூஷன் பிள்ளைகளும் வரக் கூடாது, பேப்பர் கட்டும் வரக் கூடாது. கூடம் குடும்பத்துக்கு.

இரண்டாவது, நேரம். காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை மகனுக்கு. அந்த நேரத்தில் யார் வந்தாலும், "பன்னெண்டு மணிக்கு வாங்கக்கா" என்று அத்தையே வாசலில் சொல்லிவிடுவார். மத்தியானம் அவன் அப்பாவோடு கடையில். மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரைதான் டியூஷன். விடியற்காலைக் கூட்டத்தை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. வீராம்பட்டினம் தேர், மாசி மகம், பொங்கல், இதற்கெல்லாம் கேள்வியே இல்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. இருபதுக்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்ப்பதில்லை. கடனை நினைத்தால் இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இருபது பேரையும் ஒரே ஆள் பார்க்க ஒரு வழி உண்டு. 1789-இல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதையும் பார்த்து அதையே தன் பள்ளியில் செய்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். "மெட்ராஸ் முறை" என்று பிரிட்டனில் அதற்குப் பெயர். நம்முடைய சட்டாம்பிள்ளை வழக்கம்தான் கப்பலேறிப் போனது! நானும் எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஐந்தாம் வகுப்புக்குச் சட்டாம்பிள்ளையாக உட்கார வைத்தேன். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குத்தான் பாடம் அதிகமாக ஏறியது.

நாலாவது, பணம். டியூஷனுக்குத் தனி நோட்டு. வந்தது, வராதது, சாக்பீஸ், பல்பு, எல்லாம் அதில். வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்கக் கூடாது. மே மாதம் டியூஷன் கிடையாது என்பதால், வரும் பணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மாதாமாதம் எடுத்து வைத்தேன். இதைச் செய்யாத வருஷமெல்லாம் மே மாதம் நகை அடகுக்குப் போயிருக்கிறது.

ஐந்தாவது, வீட்டு வேலை. "நீ வீட்டுலதான இருக்க" என்ற ஒரு வார்த்தை போதும், வீட்டில் சம்பாதிக்கிற பெண்ணின் உழைப்பு காணாமல் போவதற்கு. மாலைச் சமையல் அத்தையும் வீட்டுக்காரரும் பொறுப்பு என்று ஆனது. முதல் வாரம் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அப்புறம் பழகிவிட்டது.

மகளை மறந்துவிட்டாயா என்று கேட்பீர்கள். உண்மையிலேயே கொஞ்ச காலம் மறந்துதான் போனேன். அவள் அரசுப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நன்றாகப் படிப்பவள், அதனால் தொல்லை இல்லை என்று விட்டுவிட்டேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அவள் அப்பாவிடம்தான் முதலில் காட்டினாள். "அம்மாவுக்குத் தம்பி வேலையே சரியா இருக்கும்" என்றாளாம். அதிலிருந்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் அவளோடு மாடியில் உட்காருவேன். படிப்பு பேசமாட்டோம். ஒரு பிள்ளையின் குறையைக் கவனிக்கிற வீட்டில், குறையில்லாத பிள்ளை தனியாக நிற்கும். பெற்றோராக இருக்கும் தோழர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சமூக அறிவியலுக்குப் புத்தகத்தை விட்டு வெளியே வந்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நல்லவாட்டில் நடந்ததை அந்த ஊர் டியூஷன் பிள்ளைகளின் அப்பாக்களே திண்ணையில் வந்து சொன்னார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப் பையன் வீட்டுக்குப் போன் செய்து எச்சரித்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊரில் வைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். தகவல் உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? என் மகன் அதைக் கேட்டு, தானாக ஒரு பக்கம் எழுதினான். எழுத்துப் பிழை முப்பதுக்கு மேல். நான் ஒன்றைக்கூடச் சிவப்பு மையால் சுழிக்கவில்லை.

இனி பரீட்சை. வீட்டில் படித்தாலும் கையில் ஒரு சான்றிதழ் வேண்டுமே. அதற்கு மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ்., இருக்கிறது. 1989-இல் தொடங்கியது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சேர 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்து பாடம். வருஷத்துக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு. ஒரே சமயத்தில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், ஓவியம் என்று எடுத்தான்.

2019 ஏப்ரலில் எழுதினான். நாலு பாடத்தில் தேறினான். தேறாதது எது தெரியுமா? கணக்கு! 33 வேண்டும், 26 வாங்கினான். கணக்கு டீச்சர் மகன் கணக்கில் ஃபெயில் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. டியூஷனிலிருந்து இரண்டு பிள்ளைகளை நிறுத்தினார்கள். "உங்க புள்ளைக்கே வரலியே டீச்சரம்மா" என்று ஒரு அம்மா முகத்துக்கு நேரே சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. அவனுக்குக் கணக்கு தெரியும். கொடுத்த நேரத்துக்குள் கேள்வியைப் படித்து முடிக்கத்தான் முடியவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டுவிட்டது. சான்றிதழ் வாங்கி முன்கூட்டியே விண்ணப்பித்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். எனக்கு இது தெரியும். தெரிந்தும் வாங்கவில்லை. "மாற்றுத்திறனாளி" என்று என் பிள்ளை பெயரில் ஒரு காகிதம் இருக்கக் கூடாது என்ற வீம்பு. ஊர் என்ன சொல்லும் என்ற பயம். என் கௌரவத்துக்கு அவன் ஏழு மார்க்கையும் ஆறு மாதத்தையும் கொடுத்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, அடுத்த தடவ எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். சான்றிதழ் வாங்கினோம். அதே வருஷம் அக்டோபர்-நவம்பர் தேர்வில் கூடுதல் நேரத்தோடு எழுதினான். 41. எங்கள் வீட்டில் யாரும் வாங்கிய நூற்றுக்கு நூறு அந்த 41-க்கு ஈடாகாது.

கணித மேதை ராமானுஜனே எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர்தான். அவர் கணக்கில் புலி, மற்றப் பாடங்களில் போனது. அவர் பிறகு சென்னையில் மாணவர்களுக்கு டியூஷன் சொல்லிப் பிழைக்கப் பார்த்தார், அது சரிப்பட்டு வரவில்லை. ஆனால் கும்பகோணத்தில் அவர் சிறுவனாக இருந்தபோது, குடும்பச் செலவுக்காக அவர் வீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அவர்களிடமிருந்துதான் கல்லூரிக் கணக்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது. வருமானத்துக்காக வீட்டுக்குள் வந்தவர்களாலேயே வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு வந்தது. என் மகனுக்கும் டியூஷன் பிள்ளைகள்தான் தோழர்கள். "வீட்ல வெச்சிருந்தா பழக்கவழக்கம் வராதே" என்று கேட்டவர்களுக்கு எங்கள் திண்ணையைத்தான் காட்டுவேன்.

2020-இல் ஐ.டி.ஐ.-யில் எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்தான். முடித்துவிட்டு இப்போது அப்பாவின் கடையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். மகள் பி.காம். முடித்து வேலைக்குப் போகிறாள். இதுதான் எங்கள் கதை. பத்திரிகையில் வருகிற மாதிரி அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கெல்லாம் அவன் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் விசிலடித்துக்கொண்டு கடைக்குப் போகிறான். எனக்கு அது போதும்.

என் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் உடனே டி.சி. வாங்கப் போய்விடாதீர்கள். நன்மை தீமை இரண்டையும் சொல்ல வேண்டியது என் கடமை. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை. சேர்க்காவிட்டால் தண்டனை என்று அதில் இல்லை. கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கல்வி என்று 2012 திருத்தத்தில் வந்தது. மற்றபடி, சாதாரணமாக வீட்டிலேயே படிக்கலாம் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. இன்னொன்று, அரசுப் பள்ளியில் படித்தால் கிடைக்கும் சலுகைகள் போய்விடும். மதிய உணவு போகும், சீருடை போகும். புதுச்சேரியில் 2023-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொண்டுவந்த 10 விழுக்காடு ஒதுக்கீடும் போகும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. நல்ல அரசுப் பள்ளி பக்கத்தில் இருந்து, பிள்ளை சந்தோஷமாகப் போனால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. எங்களுக்கு வேறு வழி இல்லாமல் வந்த பாதை இது.

டியூஷன் எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டு தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது, நீங்களும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023-24 கல்வியாண்டில் நம் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையும் 11-ஆம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.-க்கு மாறின, அடுத்த வருஷம் 10-ம் 12-ம். இருபது வருஷமாக மனப்பாடமாக இருந்த தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஐம்பது வயதை நெருங்கும் நான் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வாங்கி ராத்திரி பத்து மணிக்குமேல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புரியாததை டியூஷன் பிள்ளைகளிடமே, "நாளைக்குச் சொல்றேன், எனக்கும் தெரியல" என்றேன். அதற்காக யாரும் டியூஷனை விட்டு நிற்கவில்லை.

இங்கே கிட்டத்தில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27-ஆம் தேதி தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்குத் தெருவிலேயே தன்னார்வலர்கள் சாயந்திரப் பாடம் சொன்னார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அதில் பெரும்பாலோர் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். படித்த பெண் ஒருத்தியின் திண்ணைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அரசாங்கத்துக்கே அன்று தெரிந்தது. நம் சங்கத்துக்கும் தெரிய வேண்டும்.

ஆகவே முன்னாள் மாணவர் சங்கத்துக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, திறந்தநிலைப் பள்ளியில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் நம் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படிக்க முதல்வர் அவர்கள் அனுமதி தர வேண்டும். இரண்டு, தேர்வு விண்ணப்பம், கூடுதல் நேரச் சலுகை, சான்றிதழ் இவற்றையெல்லாம் விவரமாகச் சொல்ல சங்கத்தில் இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவராக நான் இருக்கிறேன். எனக்கு யாராவது சொல்லியிருந்தால் என் பிள்ளை ஒரு தடவைதான் கணக்கு எழுதியிருப்பான்.

அந்தப் பத்து ரூபாய் நோட்டை நான் செலவழிக்கவில்லை. டியூஷன் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி யாராவது வரும்போது, இருபது ஆகிவிட்டதா என்று அந்த நோட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

 ஐந்தரைக்கு டியூஷன் இருப்பதால் கலை நிகழ்ச்சிக்கு இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.